தன்னந்தனியே உலகைச் சுற்றிய மாலுமி

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், எட்டாம் வகுப்பில் பூகோள பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகெல்லனைப் பற்றிய பாடம் அது. 1519-ஆம் ஆண்டில் ஐந்து கப்பல்களுடன் அவர் புறப்பட்டதையும், வழியில் பிலிப்பைன் தீவுகளில் 1521-இல் மடிந்ததையும், 1522-இல் ஒரே ஒரு கப்பல் மட்டும் உலகைச் சுற்றி ஸ்பெயினுக்குத் திரும்பியதையும் சொல்லி முடித்தேன். மணி அடிக்கச் சில நிமிடங்கள் எஞ்சியிருந்தன. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக, “ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்குப் பின், ஜாஷுவா ஸ்லோகம் என்னும் மாலுமி ஒரு சிறு பாய்க்கலத்தில் தன்னந்தனியே உலகைச் சுற்றி வந்தார்” என்று கூறினேன். உடனே கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, தனியாகப் போனவர் எப்போது தூங்கினார்?” என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அவனை உட்காரச் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேலிக்குரிய கேள்வி அன்று அது. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கத்தக்க முதற் கேள்வியே அதுதான். கப்பலில் நால்வர் இருந்தால் இருவர் விழித்திருக்க இருவர் உறங்கலாம். ஒருவரே இருந்தால் சுக்கானை யார் பிடிப்பது? இரவில் காற்று மாறினால் பாயை யார் இறக்குவது? எனக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. அன்று முதல் ஸ்லோகத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்த மாணவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஸ்லோகம் 1844-ஆம் ஆண்டு, கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பத்து வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையாரின் செருப்புப் பட்டறையில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். தோலும் ஊசியும் அவருக்குப் பிடிக்கவில்லை; கடலே பிடித்தது. இளமையிலேயே வீட்டை விட்டுக் கப்பலேறினார். சாதாரண மாலுமியாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து கப்பல் தலைவரானார். 1871-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்னும் பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருப்பவர் அல்லர். கப்பலே அவருக்கு வீடாயிற்று. பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் பெரும்பாலும் கப்பலிலேயே. 1884-இல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தருகே, கணவரின் கப்பலிலேயே அவர் உயிர் நீத்தார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு ஸ்லோகத்தின் வாழ்க்கைக் கலம் நேராக நிற்கவே இல்லை என்று அவருடைய மக்கள் கருதினர்.

இரண்டாம் மனைவியோடும் இரு புதல்வரோடும் சென்றபோது, 1887-இன் இறுதியில் அவருடைய ‘அக்விட்நெக்’ என்னும் கப்பல் பிரேசில் நாட்டுக் கரையில் மணல்திட்டில் மோதி அழிந்தது. அது அவருடைய சொந்தச் சொத்து. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அதனோடு போயிற்று. பிறருடைய தயவில் ஊர் திரும்ப அவர் விரும்பவில்லை. கரையிலேயே மரம் வெட்டி, 35 அடி நீளமுள்ள படகு ஒன்றைக் கட்டினார். அதற்கு ‘லிபர்தாத்’, அதாவது ‘விடுதலை’ என்று பெயரிட்டார். மனைவி மக்களை அதில் ஏற்றி 5,000 மைல்களுக்கு மேற்பட்ட கடலைக் கடந்து 1888-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஊர் சேர்ந்ததும் அவர் கண்ட காட்சி என்ன? பாய்க்கப்பலுக்கு வேலை இல்லை. நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்டன. நாற்பத்தைந்து வயதில், தம் தொழிலை முற்றும் கற்றுணர்ந்த ஒருவர், அந்தத் தொழிலே மறைந்துவிட்டதைக் கண்டு துறைமுகத்தில் கூலி வேலை தேடி நின்றார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், பள்ளி மணியோசை தெருவில் கேட்டும் போகவேண்டிய வேலை இல்லாமல் திண்ணையில் அமர்ந்திருந்தவன் நான். ஸ்லோகத்தின் அந்த ஆண்டுகளைப் படிக்கையில் எனக்கு அதுவே நினைவுக்கு வரும். எனக்காவது ஓய்வூதியம் இருந்தது.

1892-இன் குளிர்காலத்தில், பாஸ்டன் நகரில், ஈபன் பியர்ஸ் என்னும் பழைய திமிங்கில வேட்டைத் தலைவர் அவரைச் சந்தித்தார். “ஒரு கப்பல் தருகிறேன், சிறிது பழுது பார்க்க வேண்டும்” என்னும் பொருள்படச் சொன்னார். ஸ்லோகம் மறுநாளே ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தார். கடலுக்குத் தொலைவில், ஒரு வயலில், ஏழு ஆண்டுகளாக முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது ‘ஸ்ப்ரே’ என்னும் பழங்கலம். முன்பு சிப்பி வாரப் பயன்பட்டது என்று ஊரார் கூறினர். எவரோ ஒருவர் அதைப் பிரித்து விறகாக்க வந்திருக்கிறார் என்றே அவர்கள் எண்ணினர்.

ஸ்லோகம் கோடரி எடுத்தார். அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்து ஓக் மரத்தை வெட்டி, நம் கப்பல் தச்சர் ‘ஏரா’ என்று வழங்கும் அடிக்கட்டையைச் செதுக்கினார். இளமரங்களை நீராவியில் வேகவைத்து வளைத்து, விலா எலும்பு போன்ற வங்குக்கால்களை அமைத்தார். பலகை மேல் பலகை மாற்றினார். பஞ்சு திணித்துக் கலப்பற்று அடித்தார். பதின்மூன்று மாதம் வேலை நடந்தது. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். வேலை முடிந்தபோது பழைய கலத்தில் எஞ்சியது மிகச் சிறிதே. அப்படியானால் அது பழைய ‘ஸ்ப்ரே’ தானா, புதிய கலமா? அலகையும் மாற்றிப் பிடியையும் மாற்றிய அரிவாளைப் ‘பாட்டன் காலத்து அரிவாள்’ என்று நம் உழவர் சொல்லுவதில்லையா? ஸ்லோகமும் அவ்வாறே பழைய பெயரை விடாது வைத்துக்கொண்டார்.

அக்கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம்; அகலம் 14 அடி 2 அங்குலம். நீளத்தை நோக்க அகலம் மிகுதி என்பதைக் கவனியுங்கள். நம் மாணவனுடைய கேள்விக்குரிய விடையில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ புறப்பட்டது. ஸ்லோகத்துக்கு அப்போது வயது 51. முதலில் கிளாஸ்டர் என்னும் மீன்பிடி துறைமுகத்தில் தங்கிப் பொருள்கள் சேகரித்தார். கலத்தோடு கொண்டுசெல்ல ஒரு சிறு படகு வேண்டும். முழுப் படகுக்குத் தளத்தில் இடமில்லை. ஆகவே யாரோ கைவிட்ட பழைய மீன்பிடி படகு ஒன்றை நடுவே அறுத்து, அறுத்த முனையைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அந்த அரைப்படகு கரைக்குப் போகத் தோணியாயிற்று. துணி துவைக்கத் தொட்டியாயிற்று. நீராடவும் அதுவே ஆயிற்று. சிறு கலத்தில் வாழ்வோர் ஒரு பொருளுக்கு ஒரே பயன் போதும் என்று இருக்க முடியாது.

இந்தக் கிளாஸ்டர் துறைமுகத்தின் பெயரைத் தமிழர் நினைவில் வைக்கவும் ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அவரும் சிறு கலமொன்றில் உலகைச் சுற்றியவரே. வல்வெட்டித்துறை மாலுமிகள் அந்தக் கப்பலைச் செலுத்திச் சென்று, 1938-இல் சேர்த்த இடம் இந்தக் கிளாஸ்டர்தான். அது தனியே ஒருநாள் சொல்லத்தக்க வரலாறு; இப்போது ‘ஸ்ப்ரே’யைத் தொடர்வோம்.

நடுக்கடலில் ஒரு மாலுமி தாம் இருக்கும் இடத்தை எப்படி அறிகிறார்? நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைதான் கடினம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழலுகிறது. அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கிரீனிச்சில் இப்போது மணி என்ன, நாம் இருக்கும் இடத்தில் மணி என்ன என்னும் இரண்டும் தெரிந்தால் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால், பூமத்திய ரேகையருகே 15 கடல் மைல் தவறு நேரும். அதனால்தான் கப்பல்களில் மிக நுட்பமான காலமானியை வைத்திருப்பார்கள். ஸ்லோகத்திடம் ஒரு காலமானி இருந்தது. அதைச் சுத்தம் செய்து சரிபார்க்க 15 டாலர் கேட்டார்கள். அவர் அதைக் கரையில் விட்டுவிட்டு, நோவா ஸ்கோஷியாவின் யார்மத் துறைமுகத்தில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்தபடியால் ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அதன் நிமிட முள்ளும் விழுந்துபோயிற்று. ஒருமுறை அது நின்றுவிட, அதை வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் ஓடச் செய்தார்!

1895 ஜூலை 2-ஆம் நாள் யார்மத்தை விட்டு அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கினார். முதலில் அவரை வருத்தியது புயல் அன்று, தனிமை. மூடுபனி சூழ்ந்த இரவுகளில் தம் வாழ்நாள் முழுவதும் நினைவில் எழுந்து வந்ததாக எழுதியிருக்கிறார். பேசும் பழக்கம் போய்விடுமோ என்று அஞ்சி, கப்பலில் ஆட்கள் இருப்பதுபோல உரக்கக் கட்டளையிட்டுப் பார்த்தார். இல்லாத சுக்கான்காரனைக் கூப்பிட்டுத் திசை கேட்டார். விடை இல்லாத கேள்வி தம் காதுக்கே வெறுமையாக ஒலித்ததால், அதை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கினார். கடற்பன்றிகள் துள்ளிக்கொண்டு உடன் வந்தன. சில நாட்களில் அந்த வருத்தம் தணிந்தது.

பதினெட்டு நாளில் அசோர்ஸ் தீவுகளை அடைந்தார். அங்கே கிடைத்த பிளம் பழங்களையும் பாலாடைக் கட்டியையும் சேர்த்து நிறையத் தின்றுவிட்டுக் கடலில் இறங்கினார். வயிற்றுவலி தாங்கவில்லை. காற்றும் புயலாகிக்கொண்டிருந்தது. பாயை முழுவதும் இறக்கவும் வலுவின்றி, அறைத்தரையில் விழுந்து மயங்கினார். இடையே விழித்துப் பார்த்தபோது, சுக்கான் சக்கரத்தருகே பழங்கால உடையில் நெடிய உருவம் ஒன்று நின்றதாம். தான் கொலம்பஸின் ‘பிண்டா’ கப்பலின் வழிகாட்டி என்றும், கலத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவ்வுருவம் கூறியதாம். மறுநாள் எழுந்து பார்த்தால் ‘ஸ்ப்ரே’ சிறிதும் திசை மாறாமல், கொந்தளித்த கடலில் அந்த இரவில் மட்டும் 90 மைல் ஓடியிருந்தது.

இதை நீங்கள் பேய்க்கதை என்று ஒதுக்க வேண்டாம். சுரக்கனவு என்றே ஸ்லோகமும் அறிந்திருந்தார். ஆயினும் கலம் திசை மாறாது ஓடியது கனவன்று. நம் மாணவனுக்குரிய விடை இதுதான். ‘ஸ்ப்ரே’க்கு நீண்ட அடிக்கட்டை, அகன்ற உடல். பாய்களின் அளவையும் இழுப்பையும் காற்றுக்கு ஏற்றவாறு சரியாக ஒத்துவைத்து, சுக்கான் சக்கரத்தை ஓரிடத்தில் கயிற்றால் கட்டிவிட்டால், அது தானே வழி போகும். அலை அதைச் சிறிது திருப்பினால் ஒரு பாயில் காற்றின் அழுத்தம் கூடும், மற்றொன்றில் குறையும். அந்த வேறுபாடே கலத்தை மீண்டும் பழைய திசைக்குத் தள்ளும். தராசுத் தட்டு தானே நிலைக்கு வருவதுபோல என்று கொள்ளுங்கள். பொறி ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பாயை எத்தனை அடி தளர்த்துவது என்பதைக் கண்டறிய, முப்பது ஆண்டுக் கடல் வாழ்வு தேவைப்பட்டது.

ஆகவே அவர் உறங்கினார். இரவில் கீழே அறையில் படுத்து நன்றாகவே உறங்கினார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து, இந்துமாக்கடலிலுள்ள கீலிங் கோக்கோஸ் தீவுகள் வரை 2,700 மைல்களை 23 நாளில் கடந்தார். அந்த 23 நாளில் அவர் சுக்கானைக் கையால் பிடித்த நேரம், துறைமுகத்துள் நுழைந்தது உட்பட, மூன்று மணிக்கு மேல் இல்லை. மற்ற நேரத்தில் என்ன செய்தார்? சமைத்தார், பாய் தைத்தார், எல்லாவற்றுக்கும் மேலாகப் படித்தார். உப்பிட்ட மீனும், உருளைக்கிழங்கும், ரொட்டியும், காப்பியும் அவர் உணவு. இரவில் பறவை மீன்கள் தளத்தில் வந்து விழும். காலையில் அவற்றைப் பொறுக்கி வறுப்பார். படிப்பு நின்ற சிறுவன், கடலையே கலாசாலையாக்கிக் கொண்டான் என்க.

முதலில் அவர் எண்ணியது கிழக்கு நோக்கிச் சூயஸ் கால்வாய் வழியாகச் செல்ல. ஜிப்ரால்டரிலிருந்த ஆங்கிலக் கடற்படை அதிகாரிகள் மத்தியதரைக் கடலில் கொள்ளையர் அச்சம் உண்டு என்று தடுத்தனர். அவர் மீண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லத் துணிந்தார். திரும்பியதும் மொராக்கோ கரையருகே ஒரு கொள்ளைப் படகு துரத்தியது என்பது வேடிக்கை. பெருங்காற்று ஒன்று வீசி இரு கலங்களையும் தாக்க, கொள்ளையர் பின்தங்கினர், அவர் தப்பினார்.

1895 டிசம்பரில், உருகுவே நாட்டுக் கரையில் ‘ஸ்ப்ரே’ மணலில் ஏறிவிட்டது. நங்கூரத்தை அரைப்படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போட முயன்றார். படகு கவிழ்ந்தது. அந்தக் கணத்தில்தான் தமக்கு நீந்தத் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்ததாம்! வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தவர் நீந்தக் கற்கவில்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு, மீண்டும் மீண்டும் நிமிர்த்தி, எப்படியோ அதில் ஏறிக் கரை சேர்ந்தார். மாணவர்களே, இந்த ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்; நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பியூனஸ் அயர்ஸ் சென்றார். முதல் மனைவி உறங்கும் ஊர் அது. பின்னர், 1896 பிப்ரவரியில் மகெல்லன் ஜலசந்தியை அடைந்தார். பயணத்தின் மிகக் கடுமையான பகுதி இதுவே. மலைமீதிருந்து முன்னறிவிப்பின்றி இறங்கும் காற்று, பாய் இல்லாத கப்பலையும் சாய்த்துவிடும். புன்டா அரினாஸ் என்னும் ஊரில் ஸாம்பிளிச் என்னும் நண்பர் அவருக்கு ஒரு பை நிறையச் சிறு ஆணிகளைக் கொடுத்தார். கம்பளத்தைத் தரையில் அறையப் பயன்படும் கூரிய ஆணிகள் அவை. அத்தீவுகளின் பழங்குடி மக்கள் இரவில் தாக்கக்கூடும் என்று கூறி, தளத்தில் அவற்றைப் பரப்பிவிட்டு உறங்கும்படி சொன்னார். ஸ்லோகம் அவ்வாறே செய்தார். ஒரு நள்ளிரவில் வெறுங்காலோடு தளத்தில் ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள். பகலில் அறையின் ஒரு வாயிலில் நுழைந்து, உடை மாற்றி மறுவாயிலில் தோன்றி, கலத்தில் பலர் இருப்பதாகவும் நம்பச் செய்தார்.

இக்கதையைப் படித்துச் சிரிப்போர் ஒன்றையும் மறக்கலாகாது. ஆட்டுப் பண்ணைக்காக நிலங்களைப் பறித்த வெள்ளையர், அத்தென்கோடியின் பழங்குடிகளைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. ஸ்லோகம் தம் உயிரைக் காத்துக்கொண்டார். அவர்களைக் காப்பவர் எவரும் இல்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜலசந்தியைக் கடந்து பசிபிக் கடலில் தலைநீட்டினார். உடனே வடமேற்கிலிருந்து புயல் எழுந்து, அவரைத் தெற்கே ஹார்ன் முனையை நோக்கித் துரத்தியது. நீண்ட கயிறுகளைப் பின்னால் நீரில் இழுத்துக்கொண்டு, அலைமேல் கலம் புரண்டுவிடாமல் நான்கு நாள் ஓடினார். ஓர் இரவு, எப்பக்கம் நோக்கினும் பாறைகளில் வெண்ணுரை சிதறும் இடத்தில் சிக்கினார். ‘பால்வீதி’ என்று மாலுமிகள் பெயரிட்ட இடம் அது. டார்வின் ‘பீகிள்’ கப்பலிலிருந்து அதைக் கண்டு அஞ்சியிருக்கிறார். விடியும் வரை நுரைக்கும் நுரைக்கும் இடையே இருளில் வழி தேடினார். விடிந்தபின் பார்த்தால், காக்பர்ன் கால்வாய் வழியாக மீண்டும் அதே மகெல்லன் ஜலசந்தியில் வந்து நிற்கிறார்! முன்பு கடந்த துன்பங்களையெல்லாம் இரண்டாம் முறை கடக்க வேண்டியதாயிற்று. இறுதியாக ஏப்ரல் 13-ஆம் நாள் பசிபிக் கடலில் சென்று சேர்ந்தார்.

அதன் பின் இன்பமான நாட்கள். ராபின்சன் குரூசோ கதைக்கு மூலமான செல்கர்க் தனித்து வாழ்ந்த ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் தங்கினார். ஜலசந்திக் கரையில் உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிய கொழுப்பைச் சேர்த்து வைத்திருந்தார். அதை உருக்கி மாவுப் பணியாரம் சுட்டு, தீவு மக்களுக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு வியாபாரக் காற்றைப் பிடித்து, எங்கும் நில்லாமல் 72 நாள் ஓடிச் சமோவாவை அடைந்தார்.

அந்த 72 நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சியே, இப்பயணம் முழுவதிலும் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. கடிகாரத்தை நம்ப முடியாதவருக்கு வானில் வேறொரு கடிகாரம் உண்டு. சந்திரன் விண்மீன்களுக்கிடையே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழத் தன் விட்டமளவு நகருகிறது. சந்திரனுக்கும் சூரியனுக்கும், அல்லது சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் உள்ள கோண இடைவெளியை அளந்து, நெடிய கணக்கொன்றைப் போட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டால் கிரீனிச் நேரம் தெரியும். காலமானிகள் மலிந்தபின் இந்தக் கணக்கை மாலுமிகள் மறந்துவிட்டனர். ஸ்லோகம் மறக்கவில்லை. நாற்பது நாளுக்கு மேல் நிலம் காணாத நிலையில் அளந்து கணக்கிட்டார். விடை, அவர் மனக்கணக்கால் அறிந்திருந்த இடத்துக்குப் பல நூறு மைல் விலகி வந்தது. வேறொருவராக இருந்தால் தம்மையே ஐயுற்றிருப்பார். அவர் மீண்டும் அளந்தார்; விடை ஏறக்குறைய அதுவே. தம் அளவு சரியென்றால் அட்டவணைதான் தவறு என்று துணிந்து, அச்சிட்ட எண்களை ஆராய்ந்து பிழையைக் கண்டுபிடித்தார்! பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, வான்கணக்கும் மனக்கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்துவந்தன. சிறிது நேரத்தில் எதிர்பார்த்தபடியே நுகஹிவா தீவு கண்ணில் பட்டது. உடைந்த முகமுள்ள தகரக் கடிகாரம், பத்து வயதில் நின்ற பள்ளிப் படிப்பு. அச்சேறிய புத்தகம் தவறு, என் கணக்கு சரி என்று நடுக்கடலில் தனியே இருந்து ஒருவர் முடிவு செய்கிறார். அவர் உயிர் அந்த முடிவில் தொங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறென்ன?

சமோவாவில், காலஞ்சென்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவியார், தம் கணவருடைய கடல்வழி நூல்களை அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார். ஆஸ்திரேலியாவில் பணம் குறைந்தபோது, மெல்போர்ன் துறையில் ஒரு சுறாவைப் பிடித்துக் காட்சிக்கு வைத்து, ஆளுக்கு ஆறு பென்ஸ் வாங்கினார். துறைமுகங்களில் சொற்பொழிவு செய்தும் செலவுக்குத் தேடினார்.

கீலிங் தீவில் அவர் ரொட்டியில் கரும்பழப் பாகைத் தடவித் தின்பதைக் கண்ட சிறுவர், கப்பல் தலைவர் தாரைத் தின்கிறார் என்று கூச்சலிட்டு ஓடினராம். அத்தீவில்தான் பேராபத்தொன்றும் நேர்ந்தது. புயலிலன்று, அமைதியான நீரில். ஓர் ஆப்பிரிக்க மாலுமியோடு ஓட்டைத் தோணி ஒன்றில் சென்றபோது காற்று அடித்து, இருவரையும் திறந்த கடலை நோக்கித் தள்ளியது. தோணியில் துடுப்பே இல்லை! அந்தத் திசையில் அடுத்த நிலம் ஆப்பிரிக்கா. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். எப்படியோ தள்ளித் தள்ளி ஆழம் குறைந்த இடத்தைச் சேர்ந்தனர். ஹார்ன் முனையை வென்றவரை ஒரு துடுப்பு இன்மை அழிக்கப் பார்த்தது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் குரூகரைச் சந்தித்தார். பூமி தட்டை என்று நம்பியவர் அவர். உலகைச் சுற்றுவது நடவாத காரியம், உலகில் சுற்றுவதாகச் சொல் என்று திருத்தினாராம்! செயின்ட் ஹெலினாத் தீவில் ஒருவர் அன்பாகக் கொடுத்த ஆடு, கயிற்றையெல்லாம் கடித்ததோடு மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படத்தையும் தின்றுவிட்டது. அதை அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டு, படமில்லாமலே அந்தத் தீவுகளை அடைந்தார். 1898 மே 8-ஆம் நாள், முன்பு தாம் சென்ற வழியைப் பிரேசில் கரைக்கப்பால் குறுக்கே கடந்தார். உலகச் சுற்று அன்றே நிறைவுற்றது. சில நாள் கழித்து ‘ஆரிகான்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் கொடிக்குறி காட்டி, ஸ்பெயினோடு போர் மூண்ட செய்தியை அறிவித்தது.

1898 ஜூன் 27-ஆம் நாள் இரவு ஒரு மணிக்கு, கண்ணிவெடி வைக்கப்பட்டிருந்த நியூபோர்ட் துறைமுக வாயிலில், கரைப்பாறைகளை ஒட்டியே நழுவி உள்ளே வந்து நங்கூரமிட்டார். மூன்று ஆண்டு இரண்டு மாதங்கள். 46,000 மைல்களுக்கு மேல். உடல் எடை, புறப்பட்டபோது இருந்ததைவிட ஒரு ராத்தல் கூடியிருந்ததாம். சில நாளில் ஃபேர்ஹேவனுக்குச் சென்று, முதன்முதலில் நீரில் இறக்கியபோது எந்தக் கட்டையில் ‘ஸ்ப்ரே’யைக் கட்டினாரோ அதே கட்டையில் அதைக் கட்டினார்.

அவருடைய பயண நூல் 1900-இல் வெளிவந்தது. அவருக்குப் பின் பலர் அவ்வழியே சென்றனர். நம் நாட்டவரான திலீப் தோண்டே 2009–10-இல் ‘மாதேயி’ என்னும் கலத்தில் தனியே உலகைச் சுற்றினார். அபிலாஷ் டோமி 2012–13-இல் அதே கலத்தில் எங்கும் நில்லாமல் சுற்றி வந்தார். இன்று மாலுமிக்கு இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. சுக்கானைப் பொறி பிடிக்கிறது. ஆயினும் அந்தப் பொறிகளை விலக்கி, கோணமானியும் காகிதப் படமும் கொண்டு ஓட வேண்டும் என்னும் விதியுடன் ‘கோல்டன் குளோப்’ என்னும் பந்தயம் 2018-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. அதில் டோமி கலந்துகொண்டபோது, இந்துமாக்கடலின் தென்பகுதியில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு காயமுற்று, மீட்கப்பட்டார். அவர் மீண்டும் அதே பந்தயத்தில் புறப்பட்டு, 2023-இல் இரண்டாமவராக வந்து சேர்ந்தார்.

ஸ்லோகம் புத்தகம் விற்ற பணத்தில் நிலம் வாங்கிப் பயிர் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. குளிர்காலந்தோறும் ‘ஸ்ப்ரே’யில் தெற்கே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தார். கலமும் அவரைப் போலவே முதுமை அடைந்துகொண்டிருந்தது. 1908 என்பர் சிலர், 1909 என்பர் சிலர். அந்த ஆண்டின் நவம்பரில், தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றை நாடி, வழக்கம்போல் தனியே புறப்பட்டார். 1924-இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. ‘ஸ்ப்ரே’யின் பலகை ஒன்றுகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.